வரி என்னும் சொல்

‘வரி’ என்பது இரண்டே எழுத்துடைய சிறு சொல். புலியின் உடம்பில் ஓடும் கோடும் வரி. அணிலின் முதுகில் உள்ளதும் வரி. ஏட்டில் எழுதிய ஒரு நிரை எழுத்தும் வரி; பழந்தமிழர் பாடிய இசைப்பாட்டில் ஒரு வகையும் வரி. அரசுக்கு ஆண்டுதோறும் நாம் செலுத்தும் பொருளும் வரியே. இத்துணைப் பொருள்களும் ஒரு சிறு சொல்லுக்குள் எவ்வாறு வந்து அடங்கின என்று ஆராய்வது பயனுடையது; இன்பம் தருவதும் ஆகும்.

நாம் புலவர் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்து, பகலெல்லாம் சரக்குப் பதிவேடுகளில் கோடிட்டு எண்களை நிரப்பும் எழுத்தர் கூட்டத்தைச் சேர்ந்தோம். ஆயினும் நாள்தோறும் வரிகளோடு பழகுகின்றவர்க்கு அச்சொல்லின் வரலாற்றை அறியும் ஆவல் எழுவது இயல்பன்றோ? அவ்வாவலுக்கு மற்றொரு காரணமும் உண்டு. சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் வழியில் உள்ள புத்தலப்பட்டிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகள் தெலுங்குப் பள்ளிகளில் பயில்கின்றனர். அவர்களுள் ஒரு சிறுமி, ‘வரிப்புலி’ என்ற சொல்லைக் கேட்டதும், “நெல் தின்னும் புலியா?” என்று வினவினாள். தெலுங்கில் ‘வரி’ என்றால் நெற்பயிர். கேட்டவர் அனைவரும் சிரித்தனர். சிரித்து ஓய்ந்தபின், அவள் கேட்டதில் தவறில்லை என்பதும், விடை சொல்லவேண்டிய கடமை நம்முடையது என்பதும் புலனாயின.

கோடும் கீறலும்

வரி என்பதன் முதற்பொருள் கோடு என்பதே. இயற்கை தீட்டிய கோடும் அதுவே. மனிதன் கையால் கீறிய கோடும் அதுவே. சங்க இலக்கியத்தில் புலிக்குக் ‘கொடுவரி’ என்றே ஒரு பெயர் உண்டு. கொடுமை என்பது ஈண்டு வளைவைக் குறிக்கும். வளைந்த கோடுகளை உடையது என்பது பொருள். கோடுடைய வண்டு வரிவண்டு. காற்றும் அலையும் அலையலையாகக் கோடிட்டுச் சென்ற மணல் வரிமணல். இலைகளின் இடையே வெயில் புகுந்து கோடுகோடாக விழும் மரநிழல் வரிநிழல். வெள்ளரிக்காயின் மேலுள்ள கோட்டை அணிலின் முதுகுக் கோட்டோடு ஒப்பிட்டுக் காட்டும் பாடலொன்று புறநானூற்றில் உள்ளது. அதனைப் பாடியவர் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு.

இவையெல்லாம் கண்ணால் காணும் கோடுகள். கையால் தடவி அறியும் கோடும் உண்டு. சங்கினை வட்டமாக அறுத்து வளையாக்கி, அதன்மேல் கருவியால் கோடு செதுக்குவர். அவ்வளைக்கு ‘வரிவளை’ என்று பெயர். கொற்கையில் நிகழ்ந்த அகழாய்வில் சங்கு வளைத் துண்டுகள் கிடைத்துள்ளன. ஆகவே நிறத்தால் வேறுபட்ட கோட்டையும், பள்ளமாகக் கீறிய கோட்டையும் நம் முன்னோர் ஒரே சொல்லால் வழங்கினர் என்பது தெளிவு.

நம் வீட்டுப் பேச்சிலும் இச்சொல்லின் கிளைகள் உள்ளன. ஓட்டு வீட்டுக் கூரையில் கைமரத்தின் குறுக்கே வரிசையாக அடிக்கும் மரச்சட்டத்திற்கு ‘வரிச்சு’ என்று பெயர். மூட்டையைக் கயிற்றால் சுற்றிச் சுற்றி இறுக்குவதை ‘வரிந்து கட்டுதல்’ என்கிறோம். சண்டைக்கு எழுந்தவனையும் வேலைக்கு முனைந்தவனையும் ‘வரிந்து கட்டிக்கொண்டு வந்தான்’ என்று சொல்கிறோம். கயிறு சுற்றிய மூட்டையின்மேல் தோன்றுவதும் வரியே அல்லவா?

எழுத்தும் பாட்டும்

கோடு எழுத்தானது எவ்வாறு? இதற்கு விடை பனையோலையில் இருக்கிறது. காகிதம் பரவுமுன் நம் முன்னோர் ஓலையில் எழுதினர். எழுத்தாணியின் கூர்முனையால் ஓலையின் மேற்பரப்பைக் கீறுவர். கீறிய அளவில் எழுத்து கண்ணுக்கு எளிதில் புலப்படாது. விளக்குக் கரியையும் இலைச்சாற்றையும் குழைத்து ஓலைமீது தடவித் துடைத்தால், பள்ளத்தில் மை தங்கும். மேற்பரப்பில் உள்ளது நீங்கிவிடும். அப்பொழுது எழுத்து கறுப்பாகத் துலங்கும். இவ்வாறு மை தடவுவதற்கு ‘மையாடல்’ என்று பெயர். ஆகவே ஓலையில் எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மையில் ஒரு கீறலே. வரிவளையின் கோட்டிற்கும் ஏட்டின் வரிக்கும் இடையே தொழிலால் பெரிய வேற்றுமை இல்லை. கல்வெட்டும் செப்பேடும் அவ்வாறே வெட்டியும் கீறியும் ஆனவை. ‘வரிதல்’ என்னும் வினைக்கு எழுதுதல், சித்திரம் தீட்டுதல் என்னும் இரு பொருளும் உண்டு. ‘வரைதல்’ என்பதும் அதன் உடன்பிறப்பே. எழுத்தின் ஓசையை ‘ஒலிவடிவம்’ என்றும், எழுதப்பட்ட உருவை ‘வரிவடிவம்’ என்றும் தமிழாசிரியர் கற்பிப்பதை நாம் அறிவோம். இவ்விரு சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். அவற்றுக்கு மீண்டும் வருவோம்.

சிலப்பதிகாரத்தில் வரி என்பது இசைப்பாட்டையும் கூத்தையும் குறிக்கின்றது. அக்காப்பியத்தின் ஏழாம் காதை கானல்வரி. பன்னிரண்டாம் காதை வேட்டுவ வரி. வேனிற்காதையில் கண்கூடுவரி முதலாக எடுத்துக்கோள்வரி ஈறாக எட்டு வகை வரிகள் பேசப்படுகின்றன. ஒருவர் பிறந்த நிலத்தின் இயல்பும் அவர் செய்யும் தொழிலின் இயல்பும் தோன்ற நடிப்பதே வரிக்கூத்து என்று பழைய உரையாளர் விளக்குவர். பிறந்த நிலம் ஒன்றாகவும் தொழில் செய்யும் நிலம் வேறாகவும் வாழும் நம் போன்றவர்க்கு இவ்விளக்கம் பொருள் பொதிந்தது. ஆண்டு விழா மேடையில் நம் பிள்ளைகள் ஆடும் கும்மியும் கோலாட்டமும் இப்பொருளால் வரியே எனலாம்.

இறை வரியான கதை

இனி, நாம் அனைவரும் நன்கு அறிந்ததும் யாரும் விரும்பாததுமாகிய பொருளுக்கு வருவோம். அரசன் குடிகளிடம் பெறும் பொருளைப் பண்டையோர் ‘இறை’ என்றனர். சுங்கத்தை ‘உல்கு’ என்றனர். திருக்குறளில் இவ்விரு சொற்களும் உள்ளன. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் ‘வரி’ என்னும் சொல் பெருவழக்காகக் காணப்படுகிறது. நிலத்தின் அளவையும், அது செலுத்தவேண்டிய இறையையும் பதிந்து வைத்த கணக்கு நூலுக்கு ‘வரிப்பொத்தகம்’ என்று பெயர். அந்நூலில் பதிவதை ‘வரியிலிடுதல்’ என்றனர். நிலவருவாயைக் கவனித்த அலுவலகம் ‘புரவுவரித் திணைக்களம்’ எனப்பட்டது.

‘வரியிலிடுதல்’ என்ற தொடரைச் சிறிது ஊன்றி நோக்குவோம். ஓர் ஊரின் கடமை பதிவேட்டில் ஒரு வரியாக எழுதப்பட்ட பின்னரே அது கேட்டுப் பெறத்தக்கதாகிறது. எழுதப்படாதது வாய்ச்சொல், எழுதப்பட்டது கடமை. ஆகவே பதிவேட்டில் எழுதிய கோட்டின் பெயரே, அக்கோட்டில் எழுதிய பொருளுக்கும் ஆகிவந்தது என்பது நம் கருத்து. இலக்கணத்தார் இதனை ஆகுபெயர் என்பர். பதிவேட்டோடு வாழும் எழுத்தர்க்கு இது வியப்பன்று. எங்கள் அலுவலகத்திலும், “அந்த வரியை இன்னும் முடிக்கவில்லையா?” என்று மேலாளர் கேட்டால், அவர் கேட்பது கோட்டையன்று, அதில் எழுதப்பட்ட சரக்கையே.

சோழர் காலத்துத் ‘திணைக்களம்’ என்ற சொல் இன்றும் இலங்கையில் உயிரோடு உள்ளது. அந்நாட்டில் வருமான வரி வாங்கும் அலுவலகத்திற்கு ‘உள்நாட்டு இறைவரித் திணைக்களம்’ என்று பெயர். இறை, வரி என்னும் பழஞ்சொற்கள் இரண்டும் அப்பெயரில் கைகோத்து நிற்கின்றன.

அண்டை வீட்டுச் சொற்கள்

நெல்லைக் குறிக்கும் தெலுங்கு ‘வரி’ நம் வரியோடு ஒலியால் மட்டுமே ஒத்தது, பொருளால் வேறு. ஆனால் நம் வரிக்கும் வரைக்கும் உண்மையான உறவினர் தெலுங்கில் இருக்கின்றனர். எழுதுதலைக் குறிக்கும் ‘வ்ராயு’ என்னும் வினை அவருள் ஒருவர். இன்றைய பேச்சில் முதல் மெய் தேய்ந்து ‘ராயு’ என வழங்குகிறது. தமிழின் ‘மரம்’ பழந்தெலுங்கில் ‘ம்ரானு’ ஆனது. அவ்வாறே ‘வரை’ என்பது ‘வ்ராயு’ ஆனது. உயிரும் மெய்யும் இடம் மாறி நிற்பது தெலுங்கின் பழைய இயல்பு. கன்னடத்தில் சொல்லின் முதலிலுள்ள வகரம் பகரமாக மாறும். நம் ‘வா’ அங்கே ‘பா’. நம் ‘வில்’ அங்கே ‘பில்லு’. நம் ‘வேர்’ அங்கே ‘பேரு’. இம்முறையே நம் ‘வரை’ அங்கே ‘பரெ’ ஆயிற்று. அதற்கு எழுது என்பது பொருள். மலையாளத்தில் ‘வரி’ என்றால் நிரை. ‘வரய்க்குக’ என்றால் கோடு கிழித்தல். ‘வரிசங்க்ய’ என்றால் சந்தா. நம் குடியிருப்பில் உள்ள மலையாள நண்பரிடம் சங்கச் சந்தா கேட்கச் செல்லும் பொருளாளர் இதனை அறிந்துகொள்வது நன்று.

‘வரிசை’ என்னும் சொல்லையும் பாருங்கள். தெலுங்கில் அது ‘வருச’ எனப்படும். அங்கே அது நிரையை மட்டுமன்றி, உறவுமுறையையும் குறிக்கும். இருவர் சந்தித்தால், “நமக்குள் என்ன வருச?” என்று கேட்டு, மாமன் மைத்துனன் முறை அறிந்துகொள்வர். தமிழில் உறவினர் பெண்ணுக்கு அளிப்பது சீர்வரிசை. ஒரு சொல் ஒரு வீட்டில் முறையாகவும், மற்றொரு வீட்டில் சீராகவும் நிற்கின்றது.

பழமொழி ஒன்றிலும் இவ்வுறவு விளங்கும். தமிழில் புலியைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டது பூனை. தெலுங்கிலும் கன்னடத்திலும் அவ்வாறு செய்தது நரி. கன்னடப் பழமொழியில் அந்நரி இட்டுக்கொண்ட சூட்டுக்கோட்டின் பெயர் ‘பரெ’. எழுத்தைக் குறிக்கும் ஒலியே சூட்டுத் தழும்பையும் குறிக்கின்றது. சூட்டுக்கோல் தோலில் இடும் கோடும், எழுத்தாணி ஓலையில் இடும் கோடும் பார்வைக்கு ஒரு தன்மையவே.

திருப்பதிக்கு அருகிலுள்ள காளத்தியில் ஆடைகளில் மூங்கில் எழுதுகோலால் ஓவியம் தீட்டும் கலை இன்றும் சிறப்புற்று விளங்குகிறது. வெளியுலகம் அதனைக் கலம்காரி என்னும் பாரசீகப் பெயரால் அறியும். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தி, இரும்புத் துண்டும் வெல்லமும் ஊறிய கரிய நீரால் கோடு தீட்டுவர். இக்கலைக்குத் தெலுங்கில் ‘வ்ராத பணி’ என்றும் ஒரு பெயர் உண்டு. எழுத்து வேலை என்பது அதன் பொருள். ஓவியம் தீட்டுவதும் எழுத்து எழுதுவதும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதை இங்கும் காண்கிறோம்.

இம்மொழிகள் யாவும் ஒரு குடும்பம் என்ற உண்மையைச் சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் என்பவர் 1816ஆம் ஆண்டில் சொற்பட்டியல்களைக் கொண்டு நிறுவினார். அக்கட்டுரை வெளிவந்தது ஒரு தெலுங்கு இலக்கண நூலின் முன்பகுதியில் என்பது நினைக்கத்தக்கது. கால்டுவெல் பாதிரியாரின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. பர்ரோ, எமனோ என்னும் இரு அறிஞர் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில் இத்தகைய உறவுச்சொற்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன.

நம் ஊரின் பெயரே ஒரு சான்று. ‘பட்டு’ என முடியும் ஊர்கள் செங்கற்பட்டு முதலாக வட தமிழ்நாட்டில் மிகப் பல. அவ்வூர்ப் பெயரைத் தம் குடும்பப் பெயராகக் கொண்டவர் பூதலபட்டு ஸ்ரீராமுலு ரெட்டி. அவர் கம்பராமாயணத்தைத் தெலுங்குச் செய்யுளாக ஆக்கியவர். திருக்குறளையும் தெலுங்கில் தந்தவர். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அப்பெரியார் தமிழ் ஏடுகளைத் தாமே படித்தறிந்து தம் மக்களுக்கு வழங்கினார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நம் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் கம்பன் பாடலின் ஒரு வரியை எழுத்துக் கூட்டிப் படிக்க வல்லவர்?

ஒலியும் வரியும்

இவ்வினாவே நம் கட்டுரையின் உயிர். நம் வீடுகளில் தமிழ் பேசப்படுகிறது. பாட்டியின் தாலாட்டிலும் தாயின் கடிந்துரையிலும் அது குறைவின்றி ஒலிக்கின்றது. ஆயின் பிள்ளைகளிடம் ஒலிவடிவம் இருக்கிறது, வரிவடிவம் இல்லை. கைப்பேசியில் பாட்டனார் தமிழில் அனுப்பும் செய்தியைப் பேரன் தந்தையிடம் கொண்டுவந்து, “என்ன எழுதியிருக்கிறார்?” என்று கேட்கிறான். திருமண அழைப்பிதழில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று பெண் தேடுகிறாள். நாம் அறிந்த ஓர் இளைஞர் தந்தை மறைந்தபின் பெட்டியைத் திறந்தார். சொந்த ஊர் வீட்டின் பத்திரமும், பல ஆண்டு வீட்டுவரி ரசீதுகளும் இருந்தன. ஒன்றையும் அவரால் படிக்க இயலவில்லை. வரி கட்டப்பட்டதா, நிலுவையா என்பதை அறியவே பிறர் ஒருவரை நாடவேண்டியதாயிற்று. வரியும் தெரியவில்லை, வரியும் புரியவில்லை என்று அவர் வருந்திக் கூறியது இன்னும் நம் செவியில் ஒலிக்கின்றது.

இதற்காக யாரையும் குறைகூற வேண்டுவதில்லை. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டு, சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; அம்மாநிலத்தின் சில ஊர்கள் ஆந்திரத்தோடு சேர்ந்தன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நிலப்படத்தில் கோடுகள் மாறும்; மக்கள் அக்கோட்டின் இருபுறமும் வாழ்வர். வாழும் மாநிலத்தின் மொழியைப் பிள்ளைகள் நன்கு கற்பது முறை. அது அவர்கள் பிழைப்புக்கும் உரியது, அண்டை வீட்டாரிடம் நாம் கொண்ட அன்புக்கும் உரியது. அதனோடு தமிழ் வரிவடிவத்தையும் கற்பது கூடுதல் சுமையாகாது. வ்ராயு அறிந்த பிள்ளைக்கு வரை என்பது புதிய சொல்லன்று. உறவினர் வீட்டுச் சொல்லே.

திருமலைக் கோயிற் சுவர்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழ். தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வடவெல்லையாகக் கூறும் வேங்கடம் அதுவே. நம் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அங்கே வரிசையில் நிற்கின்றனர். அவ்வெழுத்துகள் இன்றைய எழுத்தினின்றும் உருவில் வேறுபட்டவை. ஆயினும் தமிழ் படித்த பிள்ளை சிறிது பழகினால், கல்லில் வெட்டிய சில எழுத்துகளையேனும் இனங்காணும். தமிழ் படிக்காத பிள்ளைக்கு அவை வெறும் கோடுகள். புலியின் உடம்பில் உள்ளவை போன்ற கோடுகள்.

புலியின் வரி மயிரில் மட்டும் இல்லை; மயிரை நீக்கினாலும் தோலில் இருக்கும். ஒரு புலியின் வரி மற்றொன்றுக்கு இராது. காட்டில் புலிகளைக் கணக்கெடுப்போர் அவ்வரியைக் கொண்டே இன்ன புலி என்று அறிகின்றனர். ஆனால் மொழியின் வரிவடிவம் பிறப்போடு வருவதன்று. அது கையைப் பிடித்து எழுதிக் காட்டினால்தான் வரும்.

ஆகவே பெற்றோரிடம் ஒரு சிறு வேண்டுகோள். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. ஆக முப்பது எழுத்தின் வழியாக மற்றவை விரியும். இரவு உணவுக்குப் பின் பிள்ளையை அருகில் அமர்த்தி, நாளொன்றுக்கு ஒரு வரி எழுதச் செய்யுங்கள். ஒரு வரி போதும். ஊரின் பெயராகலாம், பாட்டியின் பெயராகலாம், அன்று உண்ட கறியின் பெயராகலாம். ஓராண்டில் முந்நூற்று அறுபத்தைந்து வரிகள் ஆகும். சங்கத்திற்குச் சந்தாவை ஒழுங்காகச் செலுத்தும் நாம், தமிழுக்கும் இந்தச் சிறு வரியைச் செலுத்துவோமாக. அடுத்த ஆண்டு மலரில் ஒரு பக்கத்தை நம் பிள்ளைகளின் கையெழுத்துக்கென்றே ஒதுக்குமாறு சங்கப் பொறுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறோம். ‘நெல் தின்னும் புலியா?’ என்று கேட்ட சிறுமியின் வரி அப்பக்கத்தின் முதல் வரியாக அமையட்டும்.